வேகம் கேட்ட பிபிசி மைக்ரோ: ஒரு செயலி மாற்றத்தின் கதை

"ஏம்பா, இதுல ப்ராசஸர மட்டும் மாத்திட்டா வேகமா ஓடுமா?"

சார் ஃபோனில் கேட்டது இவ்வளவுதான். "ஓடாது சார்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். "கொண்டாங்க சார், பாத்துடலாம்" என்றேன். அதன் பிறகு ஐந்து வாரக் கடைசிகள் போயின. முதலில் மாற்றிய சிப் ஒரு துளி வேகமும் தரவில்லை. இரண்டாவது வழி வேலை செய்தது, ஆனால் அது சரி செய்தது வேகத்தை அல்ல. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படும்.

எந்திரம் பிபிசி மைக்ரோ, மாடல் பி. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம், பிபிசியின் கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் கொண்டுவந்தது. நம் ஊருக்கு இது வந்த கதை தனி. 1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, முதல் கட்டமாக நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளில் கணினி வைத்தது. வைத்தது இந்த மாடலைத்தான். அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு அறை நினைவிருக்கும்: ஏசி, ஜன்னலுக்குக் கனத்த திரை, வாசலில் செருப்பு வரிசை. ஒரு எந்திரத்துக்கு நாலைந்து பேர், விரல் வைக்க முறை வரும்போது மணி அடித்துவிடும். சார் அப்படி ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பயிற்சிக்குப் போய்வந்து கணினியும் எடுத்தார். பள்ளி பின்னாளில் பழையதைக் கழித்தபோது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

முதலில் புகை

இத்தனை ஆண்டு சும்மா கிடந்த எந்திரத்தைக் கரண்டில் சொருகுவதற்கு முன் பவர் சப்ளையைத் திறந்து பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். இருந்தும் சார் பக்கத்தில் நின்றுகொண்டு "போடுப்பா" என்றதும் போட்டுவிட்டேன். பீப் வந்தது, திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' வந்தது, சார் கைதட்டினார். பத்து நிமிடத்தில் பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. மெயின் லைனுக்குக் குறுக்கே இரைச்சலை வடிகட்ட ஒரு கண்டன்சர் இருக்கும். தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி உறை. வயதாக ஆக அந்த உறையில் மயிரிழை விரிசல் விழும், ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் வெடிக்கும். சென்னை ஈரத்தில் அது வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடைக்காரரிடம் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை என்று கேட்டால் கொடுப்பார். ரிச்சி தெருவில் டீ விலையில் முடிந்தது. சாதாரண கண்டன்சரை அந்த இடத்தில் போடவே கூடாது.

ஃப்ளாப்பிகளில் பூஞ்சை. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பன்னிரண்டில் ஒன்பதைப் படித்துவிட்டோம். சார் தேடிய புரோகிராம் அந்த ஒன்பதில் இருந்தது.

சாருடைய புகார் என்ன

இதைத்தான் நான் முதலில் சரியாகக் கேட்கவில்லை. வேகம் என்றதும் செயலி என்று என் மூளை ஓடிவிட்டது.

புரோகிராம் எளிமையானது. ஆங்கில விசையை அழுத்தினால் திரையில் அதற்கான தமிழ் எழுத்து வரும். அந்த எந்திரத்தில் தமிழ் கிடையாது. புதிய எழுத்து வடிவம் வேண்டுமென்றால் விடியு 23 என்ற கட்டளையால் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே வரைந்துகொள்ளலாம். ஆனால் அப்படி வரைய சாதாரணமாகக் கிடைக்கும் இடம் 32 எழுத்துக்குத்தான், 224 முதல் 255 வரை. தமிழுக்கு 32 எங்கே போதும்? சார் கணக்குப் போட்டிருக்கிறார். கால், கொம்புகளைத் தனியாக வைத்துக்கொண்டால்கூட உயிர், மெய், அகர வரிசை, கி கீ கு கூ வரிசைகள் எல்லாம் சேர்ந்து 125 வடிவம் வரும். எட்டுக்கு எட்டில் 'ணு' எழுதினால் பூச்சி மாதிரி இருக்கும் என்று பதினாறுக்குப் பதினாறு வைத்தார். ஒரு வடிவத்துக்கு 32 பைட், மொத்தம் 4,000 பைட். வரைபடத் தாளில் ஒவ்வொன்றாகக் கட்டம் நிரப்பி, எண்ணாக மாற்றி, பேசிக் என்ற எளிய நிரல் மொழியில் டேட்டா வரிகளாக அடித்திருக்கிறார்.

இங்கேதான் இடி. டேட்டா வரியில் 4,000 எண்களை எழுத்தாக அடித்தால் காற்புள்ளியோடு ஏறக்குறைய 12,000 பைட் ஆகும். ஓடும்போது அதைப் படித்து அட்டவணையில் போட இன்னொரு 4,000. எந்திரத்தின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். அதில் சார் பயன்படுத்திய மோட் 4 என்ற திரை வகை 10 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். டிஸ்க் உள்ள எந்திரத்தில் கீழே 6,400 பைட் முன்னமே போய்விடும். நடுவில் மிச்சம் 16,128. தரவுக்கே 16,000 போனால் புரோகிராமுக்கு 128 பைட்!

'நோ ரூம்' என்று பேசிக் சொல்லிவிட்டது. சார் புரோகிராமை இரண்டாக வெட்டினார். க முதல் ப வரை ஒன்று, ம முதல் ன வரை இன்னொன்று. 'க' அடித்துவிட்டு 'ம' அடித்தால் முதல் புரோகிராம் டிஸ்கிலிருந்து இரண்டாவதைக் கூப்பிடும். அது வந்து தன் டேட்டா முழுவதையும் மறுபடி படிக்கும். பத்துப் பன்னிரண்டு வினாடி காத்திருக்க வேண்டும். 'மகன்' என்று அடிக்க மூன்று தடவை. மாணவர்கள் அந்த இடைவெளியில் பேச ஆரம்பித்துவிடுவார்களாம்.

இதைத்தான் சார் "ஸ்லோ" என்றார். நான் அதைப் புரிந்துகொண்டது மூன்றாவது வாரம்.

சிப்பை மாற்றினேன்

பிபிசி மைக்ரோவின் செயலி 6502ஏ, நாற்பது கால். சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, சால்டரிங் வேலை இல்லை. அதன் சிமாஸ் வாரிசு 65சி02 இன்றும் புதிதாகத் தயாராகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் விற்கும் சிப் 14 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். நம் எந்திரம் ஓடுவதோ 2 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்கு என்று மனசு கணக்குப் போட்டது.

அப்படியே சொருகினால் ஓடாது. பழைய 6502ல் முதல் கால் தரை. புதிய சிப்பில் அதே கால் ஒரு வெளியீடு. சொருகினால் வெளியீட்டைத் தரையோடு கட்டிவிடுகிறோம். 36வது கால் பழையதில் எதோடும் சேராதது. புதியதில் அதற்கு 5 வோல்ட் இருந்தால்தான் சிப் பஸ்ஸில், அதாவது நினைவகத்தோடு இணைக்கும் பொதுக் கம்பிகளில், பேசும். சும்மா தொங்கவிட்டால் ஒரு நேரம் பேசும், ஒரு நேரம் பேசாது. முதல் காலை மூக்குக் குறடால் மெல்ல வெளியே வளைத்துவிட்டு, 36வது காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்தேன். பழைய சிப்பைக் கழற்றுவதுதான் பயம். தட்டைத் திருப்புளியை ஒரு பக்கம் விட்டு நெம்பக் கூடாது, மறுபக்கக் கால்கள் மடங்கிவிடும். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று மாற்றி மாற்றி, தேங்காய்ச் சில்லு எடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும். நாற்பது வருடம் ஒட்டிக் கிடந்தது 'டிக்' என்று விடுபட்டது.

பீப் வந்தது. எல்லாம் ஓடியது. பேசிக்கில் ஒரு சுற்றைப் பத்தாயிரம் தடவை ஓடவிட்டு டைம் மாறியில் எண்ணிப் பார்த்தேன். பழைய சிப்புக்கும் புதியதற்கும் வித்தியாசம் இல்லை.

இருக்கவும் வழியில்லை. செயலி எவ்வளவு வேகம் தாங்கும் என்பது ஒன்று, அதற்கு என்ன துடிப்பு (கிளாக்) கொடுக்கிறார்கள் என்பது வேறு. இந்த மதர்போர்டில் துடிப்பு 2 மெகாஹெர்ட்ஸ். அதையும் கூட்டிவிடலாமே என்றால் முடியாது. நினைவகம் 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது, அதில் ஒரு துடிப்பு செயலிக்கு, அடுத்தது திரைக்கு, மறுபடி செயலிக்கு. கிணற்றடியில் இரண்டு பேர் முறை வைத்து வாளி விடுகிற மாதிரி. யாரும் யாரையும் காக்க வைப்பதில்லை. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றில் திரை வரையும்போது செயலி கைகட்டி நிற்கும், இதில் நிற்காது. டைனமிக் ராமை அவ்வப்போது புதுப்பிக்கும் வேலையும் திரைச் சுற்று படிக்கிற போக்கிலேயே நடந்துவிடும். 1981க்கு இது அபாரமான வடிவமைப்பு. ஆனால் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய கயிற்றில் ஒரு இழையை மட்டும் இழுக்க முடியாது. செயலியின் துடிப்பைத் தொட்டால் திரை போகும், திரை போனால் நினைவகமும் மறக்கும்.

பேசிக் பதிந்திருக்கும் ரோம் (அழியாத நினைவகச் சிப்) புதிய சிப்பின் புதிய கட்டளைகள் எதையும் பயன்படுத்தவில்லை என்பது இன்னொரு காரணம். மறைமுகத் தாவல் என்று ஒரு கட்டளை, பழைய சிப்பில் அதற்கு ஐந்து துடிப்பு, புதியதில் ஆறு. பழைய சிப்பில் அந்தக் கட்டளைக்கு இருந்த ஒரு பிழையைத் திருத்தியதற்குக் கொடுத்த விலை அது. இயங்குதளம் தன் வேலைகளை அனுப்புவதே அந்தத் தாவல் வழியாகத்தான். ஆக, மயிரிழை அளவுக்கு எந்திரத்தைப் பின்னால் இழுத்துவிட்டேன்!

பழைய 6502ஏவைத் திரும்ப அதே சாக்கெட்டில் வைத்தேன். பந்தயக் குதிரையைச் செக்கில் பூட்டி என்ன பயன்.

அடிவயிற்றில் ஒரு வழி

பிபிசி மைக்ரோவைக் கவிழ்த்துப் பார்த்தால் முன் ஓரத்தில் வரிசையாக இணைப்பிகள் இருக்கும். அதில் நாற்பது முள் கொண்ட ஒன்றின் பெயர் ட்யூப். எந்திரம் வந்த நாளிலேயே இது இருந்தது, இதில் மாட்டும் பெட்டிகள் கடைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆயிற்று. செயலியைக் கழற்றி எறியாதே, பக்கத்தில் இன்னொன்றை வை என்பதுதான் யோசனை. புது செயலிக்குத் தனி நினைவகம். பேசிக்கும் புரோகிராமும் அங்கே ஓடும். பழைய செயலி விசைப்பலகை, திரை, டிஸ்க், ஒலியைப் பார்த்துக்கொள்ளும். பெரியவர் திண்ணைக்கு வந்து வருவோர் போவோரைக் கவனிக்க, உள்ளே கணக்கு வழக்கை இளையவர் பார்ப்பது போல.

நடுவில் ஒரு சிப் தபால்காரர். நான்கு ஜோடிப் பதிவேடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. திரைக்குப் போகும் எழுத்துகளுக்கான வழியில் மட்டும் 24 பைட் வரிசை ஒன்று உண்டு. புது செயலி 24 எழுத்தைக் கொட்டிவிட்டுத் தன் கணக்கைப் பார்க்கப் போகலாம், பழையது ஆற அமர எடுத்து வரையும்.

ஏகார்ன் 3 மெகாஹெர்ட்ஸ் 6502 பெட்டி விற்றது, 64 கிலோபைட்டோடு. 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பெட்டி விற்றது, அதை மாட்டினால் சிபி/எம் என்ற இயங்குதளம் ஓடும். இந்த ட்யூபின் பெரிய பலன் வேறிடத்தில் விளைந்தது. 1983ல் ஏகார்ன் அடுத்த எந்திரத்துக்குச் செயலி தேடிக்கொண்டிருந்தது. சந்தையில் இருந்த 16 பிட் சிப்களைச் சோதித்த அவர்களுக்குத் திருப்தி இல்லை. நினைவகம் தரக்கூடிய வேகத்தை அவை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை என்பது முக்கியக் குறை. பிபிசி பேசிக்கை எழுதிய சோஃபி வில்சனும், எந்திரத்தின் வடிவமைப்பில் முன்னின்ற ஸ்டீவ் ஃபர்பரும் அரிசோனா போய் வெஸ்டர்ன் டிசைன் சென்டரைப் பார்த்தார்கள். ஒரு சிறு கூட்டம் எளிய கருவிகளோடு அங்கே செயலி வடிவமைத்துக்கொண்டிருந்தது. இவர்களால் முடிந்தால் நம்மாலும் முடியும் என்று திரும்பினார்கள். வில்சன் புதிய செயலியின் நடத்தையைப் பிபிசி பேசிக்கிலேயே ஒரு புரோகிராமாக எழுதி, இரண்டாம் செயலி மாட்டிய பிபிசி மைக்ரோவில் ஓட்டிப் பார்த்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து, பிபிசி மைக்ரோவின் ட்யூபில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து அன்றே ஓடியது. அதுதான் ஆர்ம், இன்று ஃபோன்களில் ஓடும் செயலிக் குடும்பத்தின் முதல் சிப். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டிய கதை பிரசித்தம்: பலகையில் சிப்புக்கான மின் இணைப்பே சேர்ந்திருக்கவில்லை, மற்ற கால்கள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது சார் கேட்டது: "அந்தப் பெட்டி இப்ப எங்க கிடைக்கும்?"

அசல் பெட்டி நல்ல நிலையில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அதன் பவர் சப்ளையும் நம் கண்டன்சர் வயதுதான். ஆர்வலர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகையை இரண்டாம் செயலியாக நடிக்க வைக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், பைட்யூப்டைரக்ட் என்று பெயர். அதில் சிறிய மாடலான பை ஜீரோ ஒன்று, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்கித் தரும் சிறிய மட்டமாற்றிப் பலகை ஒன்று. இந்த மட்டமாற்றியை மிச்சம் பிடிக்க நினைத்து நேராக ஒயர் இழுத்தால் பை செத்துவிடும். இரண்டும் சேர்ந்து தீப்பெட்டி அளவு, எந்திரத்தின் அடியிலேயே சொருகிக்கொள்ளும், மின்சாரமும் ட்யூப் இணைப்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பை ஜீரோவின் மூளையும் ஆர்ம்தான், அதை சாரிடம் சொன்னேன். "அப்ப பேரன் தாத்தா வீட்டுக்கு வந்துட்டான்" என்றார்.

சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதே 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. ஒரு மாலை முழுக்க மல்டிமீட்டரோடு நாற்பது முள்ளையும் தடவிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ட்யூபோடு பேசத் தேவையான பகுதி இயங்குதளத்தில் இல்லை, அது டிஎன்எஃப்எஸ் என்ற ரோமில் வரும். நம்முடையதில் இருந்தது பழைய டிஸ்க் ரோம். எந்திரம் தொடங்கும்போது ட்யூப் இருப்பதைக் கண்டுகொள்கிறது, "இவனோடு பேச யார் இருக்கிறீர்கள்" என்று ரோம்களைக் கேட்கிறது, யாரும் கை தூக்காவிட்டால் அப்படி ஒருவன் இல்லாதது போலவே எழுந்துவிடுகிறது. ஈப்ரோம் என்ற, நாமே எழுதிக்கொள்ளக்கூடிய ரோம் சிப்பில் டிஎன்எஃப்எஸ் எழுதிச் சொருகியதும் திரையில் 'ஏகார்ன் ட்யூப் 6502 64கே'.

புரோகிராமுக்கான இடம் எங்கே தொடங்குகிறது என்பது பேஜ், எங்கே முடிகிறது என்பது ஹைமெம். பேசிக்கில் இரண்டின் மதிப்பையும் அச்சிட்டுப் பார்த்தோம். பேஜ் 2,048. ஹைமெம் 32,768. நடுவில் 30,720 பைட். மோட் 4ல் மட்டும் இல்லை, எந்த மோடுக்குப் போனாலும் அதே 30,720. திரை இனி பழைய செயலியின் நினைவகத்தில் இருக்கிறது, புரோகிராமின் இடத்தைத் தின்பதில்லை. இடத்தை இன்னும் மேலே தள்ளும் ஹை-பேசிக் போட்டால் 44 கிலோபைட் வரும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் சார் தன் புரோகிராமின் இரண்டு துண்டுகளையும் ஒட்டலாமா என்று கேட்டார். ஏன் வெட்டினீர்கள் என்று நான் கேட்டேன். மேலே சொன்ன 16,128 கணக்கெல்லாம் அந்த இரவு அவர் வீட்டுத் திண்ணையில் போட்டது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து வடிவங்களை டேட்டா வரியில் வைக்காமல் தனிக் கோப்பாகச் சேமித்து நேராக ஏற்றினால் 4,000 பைட்டோடு முடியும், 125 எழுத்தும் பழைய 16 கிலோபைட்டுக்குள்ளேயே அடங்கும். செயலியைத் தொட்டிருக்கவே வேண்டாம். இதைச் சொன்னபோது சார் முகம் மாறியது. "டேட்டா வரி இருந்தாத்தான் பையன் ஒரு நம்பர மாத்திட்டு எழுத்து மாறுறதப் பாப்பான். பாடமே அதுதான்." எந்திரத்துக்கு எது சிக்கனம் என்பதும் வகுப்புக்கு எது தேவை என்பதும் ஒன்றல்ல. நான் மேற்கொண்டு பேசவில்லை.

எழுத்து எங்கே போனது

ஒட்டிய புரோகிராம் 'நோ ரூம்' சொல்லாமல் ஓடியது. டேட்டாவை எல்லாம் படித்தது. 'க' அடித்தோம். திரை வெறுமை. 'ம', 'ன', எதுவும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. சார் பொறுமையாக அடித்துக்கொண்டே போனார், கர்சர் மட்டும் நகர்ந்தது. கடைசி வரியின் வலக்கோடிக்கு வந்ததும் எந்திரம் உறைந்தது.

காரணம் சாருடைய பழைய சாமர்த்தியம். 32 இடத்தில் தமிழ் அடங்காது என்பதால் விடியு வழியை விட்டுவிட்டு, எழுத்தின் பைட்களைத் திரை நினைவகத்தில் நேராகக் கொட்டும் சின்ன நிரலை அசெம்பிளியில், அதாவது செயலியின் சொந்தக் கட்டளைகளில், எழுதியிருந்தார். மோட் 4 திரை 22,528ல் தொடங்கும். ட்யூப் இருக்கும்போது அந்த முகவரியில் இருப்பது திரை அல்ல, புது செயலியின் வெறும் நினைவகம். எழுத்துகள் ஒழுங்காகத்தான் வரையப்பட்டன, யாரும் பார்க்காத ஒரு இடத்தில். கடைசி வரியின் வலது ஓரம் 32,767ல் முடிகிறது. பேசிக் தன் அடுக்கை அங்கிருந்துதான் கீழ்நோக்கி வளர்க்கிறது, புரோசிஜர் முடிந்தபின் எங்கே திரும்புவது என்ற குறிப்பெல்லாம் அதில் இருக்கும். எழுத்து அதன் மேல் விழுந்தது, திரும்பும் வழி அழிந்தது, அவ்வளவுதான்.

நேராகத் திரையில் எழுதாதே, இயங்குதளத்தைக் கேள் என்று ஏகார்ன் கையேட்டில் அன்றே சொன்னது. வேகத்துக்காக எல்லோரும் அதை மீறினார்கள், முக்கியமாக விளையாட்டுகள். அதனால்தான் ட்யூபை மாட்டினால் பல விளையாட்டுகள் ஓடாது. எலைட் என்ற விளையாட்டுக்கு இரண்டாம் செயலிக்கென்றே தனிப் பதிப்பு போட வேண்டியிருந்தது.

திருத்த இரண்டு வழி. பழைய செயலியின் நினைவகத்தில் ஒரு பைட் எழுதித் தா என்று கேட்கும் அழைப்பு உண்டு, ஆனால் எழுத்துக்கு 32 தடவை கேட்க வேண்டும். இன்னொன்று, விடியு 23க்கே திரும்புவது. 32 இடம் போதாது என்பது உண்மையில் தடையே இல்லை. இந்த எந்திரத்தில் எழுத்தை அச்சிட்ட பிறகு அது வெறும் புள்ளிகள். அதன் வடிவத்தை மாற்றினாலும் ஏற்கெனவே திரையில் இருப்பது மாறாது. அப்படியானால் நான்கே இடம் போதும். 'க'வின் நான்கு கால்பகுதிகளை 224 முதல் 227 வரை வரை, அச்சிடு. அடுத்து அதே நான்கில் 'ம'வை வரை, அச்சிடு. ஒரு கால்பகுதிக்கு 10 பைட் வீதம் 40, அச்சிடவும் கர்சரை இரண்டு இடம் பின்னால், ஒரு வரி கீழே, பிறகு மேலே நகர்த்தவும் 8. எழுத்துக்கு 48 பைட், ட்யூபின் 24 பைட் வரிசை இரண்டு முறை நிறையும்.

இதை நான் தாளில் எழுதிக் காட்டியதும் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமே" என்றார். செய்திருந்தாலும் டேட்டாவுக்கு இடம் போதாது என்று சொல்லி அவரைத் தேற்றினேன். அசெம்பிளியில் இருபது வரி மாறியது. ட்யூப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது.

ஓடிய பிறகு

பை எந்தச் செயலியாக நடிக்க வேண்டும் என்பதை எந்திரத்திலிருந்தே மாற்றலாம். ஸ்டார் எஃப்எக்ஸ் 151, 230 அடித்து, பிறகு ஒரு எண், பிறகு கண்ட்ரோல் பிரேக். 1 கொடுத்தால் அசல் பெட்டியைப் போல 3 மெகாஹெர்ட்ஸ் 65சி02. 0 கொடுத்தால் கட்டுப்பாடு இல்லாத அதிவேகம், அசலைவிடப் பல மடங்கு.

3 மெகாஹெர்ட்ஸில் பேசிக் கணக்குகள் எதிர்பார்த்தபடி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். எழுத்து புரோகிராமுக்கு அது பெரிய விஷயமே இல்லை. 125 எழுத்தும் ஒரே இடத்தில் இருப்பதால் டிஸ்க் பக்கம் போக வேண்டியதில்லை, 'மகன்' தடங்கலின்றி வந்தது. அதிவேகத்துக்கு மாற்றியபோது தொடக்கத்தில் டேட்டா படிப்பது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. ஆனால் திரை முழுவதையும் 320 எழுத்தால் நிரப்பச் சொன்னால் 3 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிவேகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 48ஐ 320ஆல் பெருக்கினால் 15,360 பைட், அத்தனையையும் வாங்கி வரைவது அதே 2 மெகாஹெர்ட்ஸ் 6502ஏதான். திண்ணையில் இருப்பவர் ஒரு சீட்டு எழுதி முடிக்கும்வரை உள்ளே எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும் வரிசை நகராது. சாருடைய பழைய நேரடி வழி இந்த ஒரு சோதனையில் இன்னும் வேகம்.

எந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிவேகத்தில் வைத்துத்தான் கொடுத்தேன். மறுநாள் ஃபோன். "அந்த ஒண்ணாம் நம்பருக்கே மாத்திக் குடுத்துடுப்பா." என்ன சார் பிரச்சினை என்றேன். டேட்டா படிக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் திரையில் காட்டும் வரி ஒன்று புரோகிராமில் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பைட் என்றால் என்ன, கட்டம் எப்படி எண்ணாகிறது என்று அவர் பையன்களுக்கு விளக்குவாராம். இப்போது வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறதாம்.

பையின் எஸ்டி கார்டில் ஒரு எண்ணை மாற்றி 3 மெகாஹெர்ட்ஸை நிரந்தரமாக்கினேன். கழற்றி வைத்த 14 மெகாஹெர்ட்ஸ் சிப், வளைந்த முதல் காலோடு, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.